நோ டிரம்ப் ஞானாதிக்கம்

மே 3, ஞாயிறு

ரெஜினா தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஓய்வெடுக்கட்டும். வியாழக்கிழமையோடு ஆஸ்பத்திரி வேலை முடிந்தது. ஹெட் நர்ஸாக ரிட்டயர் ஆனாள். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பையோடு ஆட்டோ ஏறினாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பூசைக்குத் தனியாகப் போனேன். கோயில் வாசலில் ஆளுக்கு ஆள் "சிஸ்டர் எங்க சார்?" என்கிறார்கள். ரெஸ்ட், ரெஸ்ட் என்று சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒரு மனுஷி நாலு நாள் தம்பி வீட்டில் இருக்கக் கூடாதா?

இந்த டைரி மகள் பிரின்சி ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது. ஜனவரியில் இரண்டு பக்கம் எழுதி விட்டுவிட்டேன். பேச ஆளில்லை என்பதற்காக இப்போது எடுக்கவில்லை. கையெழுத்துப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று எடுத்திருக்கிறேன்.

மத்தியானம் ரசம் வைத்தேன். சுமார்.

மே 5, செவ்வாய்

கிளப்பில் பிரிட்ஜ் தேர்வுப் போட்டி தொடங்கிவிட்டது. இந்த மாதம் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மாலைகளில் ஆட்டம். முதல் இரண்டு ஜோடிகள் திருச்சி சார்பில் மாநிலப் போட்டிக்குப் போகும். என் ஜோடி என் மைத்துனன் சவரிமுத்து. ஆமாம், ரெஜினா போயிருப்பது அவன் வீட்டுக்குத்தான்.

சீட்டைத் தொடுவதற்கு முன்பே அவன் ஒரு நிபந்தனை போட்டான். "மச்சான், மேசைல அக்கா பேச்சு எடுக்கக் கூடாது. எடுத்தீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

"நான் ஏன் எடுக்கப் போறேன் மாப்ள? எனக்கென்ன?"

"அப்ப சரி."

பிரின்சி என்றாவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மேசையில் நாலு பேர். எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதிமூன்று சீட்டு, ஒரு சுற்றை ஜெயித்தால் ஒரு பிடி. முதலில் ஏலம் நடக்கும். இத்தனை பிடி எடுப்போம், இந்த வகைச் சீட்டு துருப்பு என்று மாறி மாறிச் சொல்ல வேண்டும். வாயால் அல்ல, பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைத்து. நம் கையில் என்ன இருக்கிறது என்று ஜோடிக்குச் சொல்ல அந்த அட்டையை விட்டால் வேறு வழி கிடையாது. கண் காட்டினால்கூடக் குற்றம். எதிராளிகளும் நடுவில் புகுந்து ஏலம் கேட்டு நம் பேச்சைக் கெடுப்பார்கள். கடைசியில் நிற்பதுதான் ஒப்பந்தம். ஸ்பேடைத் துருப்பாக வைத்துப் பத்துப் பிடி எடுத்தால் பெரிய போனஸ் உண்டு. அதற்கு கேம் என்று பெயர். துருப்பே இல்லாமல் நோ டிரம்ப்பில் ஆடினால் அதே போனஸுக்கு ஒன்பது பிடி போதும். மூன்று நோ டிரம்ப் என்பார்கள். ஒன்பது லேசா, பத்து லேசா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

ஏலம் முடிந்தால் ஜோடியில் ஒருவர்தான் ஆடுவார். மற்றவர் சீட்டுகளை மேசையில் விரித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் டம்மி. ஸ்பேடோ நோ டிரம்ப்போ, ஒப்பந்தத்தில் நிற்கிற வகையை ஜோடியில் யார் முதலில் சொன்னாரோ அவரே ஆடுவார். கிளப்பில் எனக்கு நோ டிரம்ப் ஞானாதிக்கம் என்று பெயர். பொறாமை.

இன்று சவரி ஒரு முறை ஸ்பேட் சொன்னான். நடுவில் எதிராளி புகுந்தான். சவரி திரும்பவும் ஸ்பேட் சொன்னான். நான் மூன்று நோ டிரம்ப் வைத்தேன். இரண்டு பிடி குறைந்துவிட்டது.

"ரெண்டு தடவ சொன்னேன் மச்சான்."

"கேட்டேன்."

"கேட்டீங்களா!" என்று சொல்லி டீ வாங்கப் போய்விட்டான். எனக்கு வாங்கி வரவில்லை.

மே 6, புதன்

பால் திரிந்துவிட்டது. மாத்திரை போட மறந்தேன்.

மே 9, சனி

சும்மா பாலக்கரைப் பக்கம் வேலை இருந்தது. அப்படியே சவரி வீட்டுக்கு எட்டிப் பார்த்தேன். காலை பத்து மணி. சவரி பட்டறைக்குப் போயிருந்தான். அவன் மனைவி ஜெசிந்தா கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே. அண்ணி தூங்குறாங்க."

"இந்நேரத்திலயா? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க. தூங்குறாங்க. எழுப்பட்டுமா?"

எழுப்பு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. திரை விலகியிருந்தது. ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நைட் டியூட்டி முடித்து வருவாள், இட்லி ஊற்றுவாள், பிரின்சிக்குச் சடை போடுவாள், அப்புறம்தான் படுப்பாள். அதுவும் நான் ரிமோட்டைத் தேடினால் எழுந்துவிடுவாள். இவ்வளவு வெளிச்சத்தில் இவள் இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

காபி குடித்தேன். பேப்பரை இரண்டு தடவை படித்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. வந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ்ஸில் உட்கார இடமில்லை.

மே 12, செவ்வாய்

பிரின்சி போன் பண்ணினாள். ஏழாம் மாதம் நடக்கிறது, கால் வீங்குகிறதாம்.

"கவலப்படாத. ஒண்ணாந்தேதி அம்மா அங்க இருப்பா. டிக்கெட் கையில இருக்கு. ஆறு மாசம் உன்னோடதான்."

"அப்பா, அம்மா என்கிட்ட சரியாவே பேச மாட்டேங்கிறாங்க. நான் வாங்கன்னு கேக்கவே இல்லயே. நீங்கதான் அம்மா வர்றாங்கன்னு சொன்னீங்க. அத்தை வர்றேன்னு சொன்னாங்க, நாந்தான் எங்க அம்மா வர்றாங்கன்னு வேணாம்னுட்டேன்."

"அம்மா இருக்கும்போது மாமியார் எதுக்கு?"

"அம்மாவுக்கு இஷ்டம்தானா?"

இது என்ன கேள்வி? பெற்ற மகளின் பிரசவத்துக்குப் போக ஒருத்திக்கு இஷ்டம் இல்லாமல் இருக்குமா? லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

முழுதாக எழுதிவிடுகிறேன், பக்கம் இருக்கிறது. வழியனுப்பு விழாவில் டாக்டர்கள் எல்லாம் பேசி முடித்ததும் கணவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். மைக்கைக் கொடுத்தால் பேச வேண்டியதுதானே? ரெஜினா சிஸ்டருக்கு ஓய்வே கிடையாது, அடுத்த டியூட்டி ஷார்ஜாவில், ஆறு மாதம், டிக்கெட் எடுத்தாயிற்று என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்கு ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் முன்கூட்டிச் சொல்லவில்லை. மாலையோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி வாஷிங் மெஷின் மேல் வைத்தாள். காலையில் ஆட்டோ.

கைதட்டினார்களே, அத்தனை பேருமா தப்பு?

இன்று ஆட்டம் சுமார். முழங்கால் வலி.

மே 15, வெள்ளி

இன்று மூன்று நோ டிரம்ப் வைத்து ஒன்பது பிடி எடுத்தேன். எதிராளிகள் கண் டாக்டர் வைகுந்தனும் கணக்குப் பேராசிரியையாக இருந்த மங்கையர்க்கரசி மேடமும். கிளப்பிலேயே கெட்டி ஜோடி. டாக்டர் மட்டும் வேறு சீட்டை இறக்கியிருந்தால் நான் காலி. இறக்கவில்லையே!

மேடம் சீட்டை அடுக்கிக்கொண்டே, "ஞானாதிக்கம் சார், உங்களுக்கு எதுக்கு பார்ட்னர்? எதிர்ல ஒரு தலகாணிய வச்சிக்கிட்டாக்கூட ஆடுவீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சவரி சிரிக்கவில்லை.

ரயில்வேயில் செக்ஷன் கன்ட்ரோலராக இருந்தவன் நான். எந்த வண்டி போக வேண்டும், எந்த வண்டி லூப் லைனில் நிற்க வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லுவேன். ஒவ்வொரு டிரைவரிடமும் தம்பி உனக்கு நிற்க இஷ்டமா என்று கேட்டுக்கொண்டிருந்தால் வண்டி ஓடுமா?

வீடு பெருக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம்.

மே 17, ஞாயிறு

சவரி கிளப்புக்கு ஒரு தூக்குவாளியில் மீன் குழம்பு கொண்டுவந்தான். "ஜெசிந்தா குடுத்து விட்டா."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். மாங்காய் போட்டிருந்தது. உப்பு அரை உப்பு. ஜெசிந்தா குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கும். அவர்கள் வீட்டு விருந்துக்குப் போனால் நான் தண்ணீராகக் குடிப்பேன். என் பிபி கதை ஜெசிந்தாவுக்கு எப்படித் தெரியும்?

வாளியைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். நாளைக்கும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

மே 19, செவ்வாய்

தோற்றோம். என்னால் என்கிறான். திரும்பவும் அதே கதை. அவன் ஸ்பேட் என்றான், எதிராளி குறுக்கே வந்தான், நான் நோ டிரம்ப்புக்குப் போனேன். எதிராளி சொன்ன வகையை நிறுத்த என்னிடம் ஒரே ஒரு பெரிய சீட்டு, ஒரே ஒரு தடுப்பு. அதை முதல் சீட்டிலேயே பிடுங்கிவிட்டார்கள். அப்புறம் கதவு திறந்த வீடுதான், அஞ்சு பிடியை வாரிக்கொண்டு போனார்கள்.

வெளியே சைக்கிள் ஷெட்டில் பிடித்துக்கொண்டான். மேசை இல்லையல்லவா, இங்கே பேசலாம் என்று நானும் கேட்டேன்.

"ஒங்க அக்கா என்னதான் சொல்றா? போக மாட்டாளாமா?"

"போக மாட்டேன்னு அக்கா சொல்லவே இல்ல மச்சான்."

"பின்ன என்னடா?"

"போறேன்னும் சொல்லல. அவகிட்ட யாராச்சும் கேட்டாத்தானே சொல்லுவா? என்கிட்ட இருக்குறது ஆறு ஸ்பேட். நான் தொண்டை கிழியச் சொல்றேன், நீங்க உங்க சீட்ட மட்டும் பாத்து முடிவு பண்றீங்க. வீட்லயும் அதான். அலுத்துப் போச்சு மச்சான். எனக்கே அலுப்பா இருக்குன்னா அவளுக்கு எப்படி இருக்கும்?"

"மரியாதையாப் பேசு மாப்ள."

"மரியாதையாத்தான் பேசுறேன். ஞாயித்துக்கிழம கடைசி ஆட்டம். அதோட வேற ஆளப் பாத்துக்குங்க."

ஸ்கூட்டரை உதைத்தான். முதல் உதையில் கிளம்பவில்லை. நான் பிடித்துக்கொள்ளலாமா என்று நின்றேன். அதற்குள் கிளம்பிவிட்டது.

மே 20, புதன்

ரெஜினாவே போன் பண்ணினாள். "பிபி மாத்திரை தீந்திருக்கும். வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்." வாங்கவில்லை.

"சரி."

"ஒண்ணாந்தேதி டிக்கெட். பெட்டி கட்ட வேணாமா?"

"டிக்கெட் எடுத்தது நீங்க. நீங்களே போங்க."

"நானா? பிரசவத்துக்கா?"

"ஏன், மைக்கப் புடிச்சுச் சொன்னது நீங்கதானே? புள்ளயக் குளிப்பாட்டுங்க, பத்தியம் வைங்க. அதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?"

எனக்கும் கோபம் வந்தது. "அப்ப ஒனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலையேன்!"

அவள் மெதுவாகச் சொன்னாள். "தெரியலங்க. நெஜமாத் தெரியல. இத்தன வருஷம் டியூட்டி சார்ட்ட பாத்தே எந்திரிச்சேன். கொஞ்ச நாள் யாரும் எனக்கு சார்ட் போடாம இருந்தா, என்ன வேணும்னு எனக்கே தெரிய வரும்னு தோணுது. களைப்பா இருக்கு. வச்சிரட்டுமா?"

வைத்துவிட்டாள்.

எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்ல அவளிடம்தான் போக வேண்டும், அதுதான் கஷ்டம்.

மே 22, வெள்ளி

எங்களுக்கு இன்று ஆட்டம் இல்லை. மாத்திரை வாங்கினேன். மோட்டார் போட்டுவிட்டு மறந்து தொட்டி வழிந்தது. எதிர்வீட்டுக்காரர் கத்தினார். வாஷிங் மெஷின் மேல் இருந்த மாலை காய்ந்து உதிர்ந்திருந்தது. பெருக்கி அள்ளினேன்.

மே 24, ஞாயிறு

கடைசி ஆட்டம். மாலை நாலு மணி. சவரி வந்தான், உட்கார்ந்தான், முகம் பார்க்கவில்லை. எதிரே டாக்டரும் மேடமும். புள்ளிப் பலகையில் நாங்கள் நாலாவது இடம். எல்லா ஆட்டமும் நன்றாக அமைந்தால் ஒருவேளை இரண்டாவது வரலாம்.

கடைசி ஏலத்துக்கு வருகிறேன். மற்றதெல்லாம் எழுதத் தெம்பில்லை.

டாக்டர் ஹார்ட் என்று ஏலத்தைத் திறந்தார். சவரி ஒரு ஸ்பேட் வைத்தான். மேடம் இரண்டு ஹார்ட். நான் மூன்று டைமண்ட். டாக்டர் விடுவாரா, மூன்று ஹார்ட். சவரி மூன்று ஸ்பேட். மேடம் பாஸ். முடிவு என் கையில்.

என்னிடம் டைமண்ட் ஐந்து, ஏஸும் ராணியும் ஜாக்கும் சேர்ந்து. ஹார்ட்டில் ஏஸும் ஒரு பொடிச் சீட்டும். ஸ்பேடில் ராணி, துணைக்கு ஒன்று. மூன்று நோ டிரம்ப் என்று கை தானாக அட்டைப் பெட்டிக்குப் போய்விட்டது. ஒன்பது பிடி. நான் ஆடுவேன். அட்டை முனையைப் பிடித்தும்விட்டேன். பெட்டியை விட்டு வெளியே எடுத்தால் சொன்னதாகக் கணக்கு. எடுக்கவில்லை.

ஹார்ட்டில் ஒரே ஒரு தடுப்பு, செவ்வாய்க்கிழமை மாதிரியேதான். அதற்காக மட்டும் நிறுத்தினேன் என்று எழுதினால் பொய்.

சவரி கீழே மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் ஒன்றும் காட்டக் கூடாது என்பதற்காக அப்படிக் குனிந்திருப்பது அவன் வழக்கம். தாடை இறுகி, கீழ் உதடு கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. விழா மேடையில் மாலையோடு ரெஜினா இப்படித்தான் குனிந்திருந்தாள். நான் மைக்கில் பேசப் பேச, கைதட்டல் கேட்கக் கேட்க, இப்படியேதான் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். முட்டாள்.

நாலு ஸ்பேட் வைத்தேன்.

சவரி நிமிர்ந்து பார்த்தான். அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான். எல்லாரும் பாஸ். மேடம் ஹார்ட் இறக்கினார். நான் சீட்டுகளை மேசையில் விரித்தேன். "தேங்க்யூ பார்ட்னர்" என்றான் சவரி. சம்பிரதாயத்துக்கு எல்லாரும் சொல்கிற வார்த்தைதான்.

டம்மி எழுந்து போகலாம், விதி இடம் கொடுக்கிறது. மேசையில் சொல்லிக்கொண்டு எழுந்தேன். வாசல் கூடையிலிருந்து என் போனை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஷெட்டுக்குப் போனேன்.

"என்னங்க? உடம்புக்கு என்ன?" என்றாள் எடுத்ததுமே.

"ஒண்ணுமில்ல. ரெஜினா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ஷார்ஜாவுக்குப் போக ஒனக்கு இஷ்டமா?"

டிக்கெட்டை நான் கேன்சல் பண்ணிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பெரிய மனசு பண்ணுகிறேன் பேர்வழி என்று அதையும் நானே முடிவு செய்யப் பார்க்கிறேன்! வாயை மூடிக்கொண்டேன். சும்மா இருப்பது இவ்வளவு சிரமம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் மூச்சு விடுவது கேட்டது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் கடைசியில்.

"சரி."

"சரியா?"

"சரி. நல்லா யோசி."

பிறகு அவளே, "ஆட்டம் என்னாச்சு? ஜெயிச்சிட்டீங்களா?"

"தெரியல. சவரி ஆடிட்டிருக்கான்."

"நீங்க?"

"நான் டம்மி."

சிரித்துவிட்டாள். எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு சிரிப்பு. "நீங்களா! என் தம்பியக் குடுங்க, நெஜமான்னு கேக்குறேன்" என்றாள். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன், யாரும் பார்க்கவில்லை.

சவரி வெளியே வந்தான். "பதினொண்ணு மச்சான். ஒண்ணு கூடவே எடுத்தாச்சு. நோ டிரம்ப்னா ரெண்டு பிடி கொறஞ்சிருக்கும்னு டாக்டரே சொல்றாரு."

"அக்கா லைன்ல இருக்கா" என்று போனைக் கொடுத்தேன்.

மூன்றாவது இடம்தான் கிடைத்தது. இரண்டு ஜோடிகளுக்குத்தான் மாநிலப் போட்டி. இந்த ஒரு ஆட்டம் நன்றாக ஆடி என்ன செய்ய, மாதம் பூராவும் நான் வைத்த நோ டிரம்ப்புகள் எங்கே போகும்? சவரி இரண்டு டீ வாங்கி வந்தான்.

மே 27, புதன்

நேற்று மாலை ரெஜினா வந்தாள். அதே பை. எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. சமையலறையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இளைச்சிட்டீங்க" என்றாள். ஷார்ஜாவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதற்காகவே சீக்கிரம் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இப்போது காலை பத்து மணி தாண்டிவிட்டது. தூங்குகிறாள். பால்காரர் மணி அடிக்க வந்தபோது ஓடிப்போய்த் தடுத்தேன். இட்லி நானே ஊற்றினேன், கல்லு மாதிரி இருக்கிறது.

சற்று முன் பிரின்சி கூப்பிட்டாள். மாடிப்படிக்குப் போய் எடுத்தேன்.

"அப்பா, ஒண்ணாந்தேதிக்கு நாள் இல்லயே. அம்மா வர்றாங்களா இல்லையா? அத்தைகிட்ட நான் என்ன சொல்றது?"

"எனக்குத் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியாதா? அப்பா, நீங்கதானே பேசுறீங்க?"

"நான்தான். அத அம்மாதான் சொல்லணும். தூங்குறா. எந்திரிச்சதும் கூப்பிடச் சொல்றேன்."

"எப்ப எந்திரிப்பாங்க?"

அதையும் அவள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.